லோசான் மேடையின் பக்கவாட்டிலிருந்து

மார்பில் ஓர் எண். பிசிறு ஒன்றும் இல்லாமல் இழுத்துக் கட்டிய கொண்டை. காலையிலேயே வியர்த்து மினுங்கும் கழுத்து. பதினைந்து வயதுப் பிள்ளையொன்று சுவரோரக் கம்பியைப் பிடித்தபடி முழங்காலை மெல்ல மடக்குகிறது. மூலையில் ஒருவர் பியானோ வாசிக்கிறார். எதிரே வரிசையாக ஒன்பது நடுவர்கள். மேடையேற இன்னும் சில நாட்கள் இருக்கின்றன. ஆனால் புள்ளி போடத் தொடங்கிவிட்டார்கள்!

சுவிற்சர்லாந்தின் லோசான் நகரத்தில் ஆண்டுதோறும் ஜனவரிக் கடைசியிலோ பெப்ரவரித் தொடக்கத்திலோ நடக்கும் ‘பிரி டி லோசான்’ என்ற இளையோர் பாலே போட்டி இது. இதன் வகுப்புகளையும் ஒத்திகைகளையும் இறுதிச் சுற்றையும் இணையத்தில் நேரலையாகக் காட்டுகிறார்கள். லோசானில் பகல் பன்னிரண்டு என்றால் கொழும்பில் மாலை நாலரை. அந்தோனியார் கோயிலடியில் சனம் கூடும் நேரம், ஜம்பட்டா வீதியில் பஸ்கள் நகர முடியாமல் நிற்கும் நேரம். கொச்சிக்கடையில் ஒரு கைபேசியை வைத்துக்கொண்டு உலகத்தின் மிகப் பெரிய பாலே போட்டி ஒன்றின் உள்ளறைக்குள் நுழைந்துவிடலாம் என்பதை நினைத்தாலே எனக்குக் கால் தரையில் நிற்பதில்லை. வாருங்கள், உள்ளே போவோம்!

தொடங்கியவர் ஆடவில்லை

1973இல் இதைத் தொடங்கியவர் பிலிப் பிரவுன்ஷ்வைக். கடிகார உதிரிப்பாகங்கள் செய்யும் தொழிலதிபர். மனைவி எல்வீர் ஆடியவர். திறமை இருந்தும் நல்ல பள்ளிக்குப் போக வசதி இல்லாத பிள்ளைகள் எத்தனை பேர் என்று இருவரும் யோசித்ததில் பிறந்ததுதான் இந்தப் போட்டி. அதனால்தான் இங்கே முதற்பரிசு என்பது கிண்ணம் அல்ல, புலமைப்பரிசில். பெயர்பெற்ற பாலே பள்ளியிலோ நடனக் குழுவிலோ ஓர் ஆண்டு இருந்து பழகலாம். அங்கே தங்கிச் சாப்பிடும் செலவுக்கும் பணம் தருகிறார்கள்.

வயது 15 முதல் 18 வரை. சம்பளத்துக்கு ஆடத் தொடங்கியவர்களுக்கு இடமில்லை. உலகெங்கும் இருந்து நூற்றுக்கணக்கான பிள்ளைகள் தாங்கள் ஆடிய ஒளிப்பதிவை அனுப்புகிறார்கள். அவர்களில் எண்பது பேர் அளவில் லோசானுக்கு அழைக்கப்படுகிறார்கள். அவர்களிலும் இருபது பேர் அளவில்தான் இறுதி மேடை ஏறுவார்கள். 2021இல் கோவிட் காரணமாகப் பிள்ளைகள் யாரும் வர முடியவில்லை. நடுவர்கள் ஒளிப்பதிவுகளைப் பார்த்தே தீர்ப்புச் சொன்னார்கள்; போர்த்துக்கலின் அந்தோனியோ கசலின்யோ வென்றார்.

நடுவர்கள் வகுப்புக்குள்ளே!

இனித்தான் என் நெஞ்சு படபடக்கும் பகுதி. வாரம் முழுக்கப் பிள்ளைகளுக்கு வகுப்பு. காலையில் செவ்வியல் பாலே என்றால், பிறகு நவீன நடனம். ஆண்பிள்ளைகள் வேறாக, பெண்பிள்ளைகள் வேறாக, வயதில் சிறியவர்கள் வேறாக, பெரியவர்கள் வேறாக. ஆசிரியர் ஒரு கோவையைச் சொல்கிறார். ஒரே தடவைதான்! பிள்ளைகள் கையாலேயே அதை அளந்து மனதில் பதித்துக்கொள்கிறார்கள். அடுத்த நொடி பியானோ தொடங்குகிறது. யார் உடனே பிடித்துக்கொண்டது, யார் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துச் செய்தது, திருத்திய பிழையை யார் மறுபடி செய்யாமல் விட்டது, எல்லாம் நடுவர்களின் கண்முன்னே நடக்கிறது. அந்த வகுப்புக்கும் புள்ளி உண்டு!

போட்டி தன் அளவுகோலை ஒளிப்பதில்லை. கலைத்திறன், உடல்வாகு, இசையை உள்வாங்கும் விதம், அசைவின் கட்டுப்பாடு, இவற்றோடு துணிவையும் தனித்தன்மையையும் பார்க்கிறோம் என்று எழுதியே வைத்திருக்கிறது. ஒரு பிள்ளையின் துணிவை மூன்று நிமிட ஆட்டத்தில் காண்பதைவிட, தெரியாத ஒன்றைக் கற்றுக்கொள்ளும் நேரத்தில் நன்றாகக் காணலாம் அல்லவா?

பரதம் படித்தவர்களுக்கு இதில் இன்னொரு ஆனந்தம் இருக்கிறது. பாலே வகுப்பு ‘பிளியே’யில் தொடங்கும். தொடையை வெளியே திருப்பி, முதுகை நேராக வைத்து, முழங்காலை மடக்கும் இருப்பு அது. நம் அரைமண்டியைப் பழகிய கண்ணுக்கு அது எங்கிருந்தோ வந்த சொந்தக்காரர் போலத் தெரியும். அவர்கள் அதிலிருந்து மேலே பாய்கிறார்கள், நாம் அதில் நின்று தரையைத் தட்டுகிறோம். தொடை நோகும் இடம் மட்டும் ஒன்றேதான்!

சாய்ந்த மேடை, பழைய நட்சத்திரங்கள்

வகுப்பு முடிந்ததும் ஒத்திகை. ஒவ்வொரு பிள்ளையும் இரண்டு தனி ஆட்டம் கொண்டுவர வேண்டும். ஒன்று செவ்வியல் பாலேயிலிருந்து, மற்றது நவீன நடனம். இரண்டையும் போட்டி கொடுக்கும் பட்டியலிலிருந்துதான் எடுக்க வேண்டும். ஜோன் நியூமையர், வெய்ன் மெக்ரெகர் போன்ற பெரிய நடன அமைப்பாளர்களின் ஆட்டங்கள் அந்தப் பட்டியலில் வந்திருக்கின்றன. பதினாறு வயதில் அப்படிப்பட்டவர்களின் ஆட்டத்தை ஆடுவது என்றால் சும்மாவா!

போட்டி நடக்கும் போலியே அரங்கின் மேடை பின்பக்கம் உயர்ந்து முன்பக்கம் தாழ்ந்தது. சமதரையில் பழகிய பிள்ளை அதில் சுழன்றால் உடல் பார்வையாளர் பக்கம் இழுபடும். நிறை எங்கே நிற்க வேண்டும் என்பதைச் சில நாட்களுக்குள் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டும். சொல்லிக்கொடுக்க வருபவர்கள் யார் தெரியுமா? பாரிஸ் ஒப்பேராவின் நட்சத்திரங்களாக இருந்த மொனிக் லூடியேர், எலிசபெத் பிளாட்டெல், நிக்கொலா லெ ரிஷ் போன்றவர்கள் இந்த ஒத்திகைகளில் பிள்ளைகளின் பக்கத்தில் நின்றிருக்கிறார்கள். கையை ஒரு விரற்கடை உயர்த்தச் சொல்கிறார்கள், பார்வையைக் கொஞ்சம் தாமதிக்கச் சொல்கிறார்கள். அவ்வளவுதான், அதே அடவு வேறு ஆட்டமாகிவிடுகிறது. நேரலையில் இந்த மாற்றம் நடப்பதைப் பார்க்கும்போது எழுந்து நின்று கைதட்டத் தோன்றும்!

சப்பாத்து என்னும் தனிக்கதை

விரல்நுனியில் நிற்கும் சப்பாத்துக்குள் இரும்பு இருக்கிறதா என்று கேட்பவர்கள் உண்டு. இல்லவே இல்லை! துணியையும் கடதாசியையும் பசைபோட்டு அடுக்கடுக்காக ஒட்டிக் காயவைத்த கூடு அது, மேலே சாட்டின். புதுச் சப்பாத்து விறைத்துக் கிடக்கும். அதனால் பிள்ளைகள் அதை வளைக்கிறார்கள், தரையில் அடிக்கிறார்கள், அடியைச் சுரண்டுகிறார்கள். நாடாவைத் தங்கள் கையாலேயே தைக்கிறார்கள், ஏனென்றால் கணுக்கால் ஆளுக்கு ஆள் வேறு. இத்தனை பாடுபட்டும் கடுமையான ஆட்டத்தில் ஒரு சோடி ஒரே நாளில் தளர்ந்துபோகும். பல பாலே மேடைகளின் ஓரத்தில் ஒரு தட்டில் ரோசின் பொடி வைத்திருப்பார்கள். வயலின் வில்லுக்குப் பூசுவார்களே, அதேதான். வழுக்காமல் இருக்கச் சப்பாத்தை அதில் தேய்த்துவிட்டு ஓடுவார்கள்.

மருத்துவர்களின் கண்ணும் பிள்ளைகள்மீது இருக்கிறது. மெலிய வேண்டும் என்று சாப்பாட்டைக் குறைத்து உடலைக் கெடுத்துக்கொள்ளும் ஆபத்து பாலேயில் பெரியது. அதைத் தடுக்கவென்றே இந்தப் போட்டி தனி உடல்நலக் கொள்கை வைத்திருக்கிறது. ஆடும் பிள்ளைகளை நேசிக்கும் எல்லோரும் இதற்காகவே போட்டியை நடத்துபவர்களுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

யார் யார் வந்தார்கள்!

கார்லோஸ் அகோஸ்தாவின் கதையைச் சொல்லாமல் இருக்க முடியுமா? ஹவானாவில் ஒரு லொறிச் சாரதியின் பதினொன்றாவது பிள்ளை. அவர் பிறந்தது 1973, போட்டி பிறந்த அதே ஆண்டு! 1990இல் பதினாறு வயதில் இங்கே தங்கப் பதக்கம் வென்றார். பிறகு லண்டன் ரோயல் பாலேயின் நட்சத்திரம், இன்று பர்மிங்காம் ரோயல் பாலேயின் இயக்குநர்.

ஆசியப் பிள்ளைகளின் வரிசை இன்னும் கிளர்ச்சியானது. 1985இல் கொரியாவின் காங் சூ-ஜின். 1989இல் ஜப்பானின் தெத்சுயா குமகாவா. 2007இல் வென்ற கொரியாவின் பார்க் சே-உன் 2021இல் பாரிஸ் ஒப்பேராவின் ‘எத்துவால்’ ஆனார். அந்த உச்சப் பதவியை எட்டிய முதல் ஆசியர் அவர்தான்! 2025இல் வென்றது பார்க் யூன்-ஜே, அவரும் கொரியர். நம் பக்கத்திலும் அசைவு தெரிகிறது. மும்பையில் ஒரு வெல்டரின் மகன் அமீருத்தீன் ஷா 2017இல் லண்டன் ரோயல் பாலே பள்ளிக்குப் போனார்.

பரிசு இல்லாதவர்க்கும் ஒரு கதவு

எனக்கு மிகவும் பிடித்த அறை இறுதி மேடைக்கு வெளியே இருக்கிறது. பரிசு கிடைக்காத பிள்ளைகளை உலகின் பல பள்ளிகளின் அதிபர்களும் குழுக்களின் இயக்குநர்களும் ஒன்றுகூடி வகுப்பில் பார்க்கிறார்கள். பிடித்த பிள்ளைக்கு இடம் தருவதாக அங்கேயே சொல்கிறார்கள். இறுதிக்குத் தெரிவாகாமல் அழுத பிள்ளை, கையில் ஒரு பள்ளியின் அழைப்போடு வீட்டுக்குப் போகலாம்!

இதைப் பார்க்கும்போதெல்லாம் நம் பிள்ளைகள்தான் நினைவுக்கு வருகிறார்கள். கூத்தப்பெருமான் கருங்கற் கோயிலில் வீற்றிருக்கும் ஊர் நம்முடையது. பொன்னம்பலவாணேஸ்வரரைச் சுற்றிய தெருக்களிலும் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் பிள்ளைகள் சலங்கை கட்டுகிறார்கள். வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைக்குத் தயாராகிறார்கள். தமிழ்த் தினப் போட்டியில் வலயம், மாகாணம் தாண்டித் தேசிய மட்டம் வரை போகிறார்கள். விடியமுன் எழும்பி, தலைச்சாமான் குத்தி, மணிக்கணக்காகக் காத்திருந்து ஆடுவது சில நிமிடம். ஆடி முடிந்தபின் நடுவராக வந்த ஆசிரியர் ஒருவர் எல்லாப் பிள்ளைகளையும் ஒன்றாக நிறுத்தி ஒரு மணிநேரம் தட்டடவு சொல்லிக்கொடுத்தால் எப்படி இருக்கும்! அதற்குப் பெரிய அரங்கும் வேண்டாம், பெரிய பணமும் வேண்டாம். பாடசாலை மண்டபமும் ஒரு தட்டுக்கழியும் போதும். தோற்ற பிள்ளையும் அன்றைக்கு ஒன்றைக் கற்றுக்கொண்டு போகும்.

அடுத்த பெப்ரவரி வருகிறது. இறுதிச் சுற்றுவரை காத்திருக்காதீர்கள். முதல்நாள் வகுப்பிலிருந்தே பாருங்கள். ஓர் எண்ணைத் தெரிவுசெய்து அந்தப் பிள்ளையின் பின்னாலேயே வாரம் முழுக்கப் போங்கள். வீட்டில் ஆடும் பிள்ளை இருந்தால் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள். யார் வென்றது என்று பிறகு கேட்கலாம். முதலில், நேற்றைக்கும் இன்றைக்கும் இடையில் அந்தப் பிள்ளை எதைத் திருத்திக்கொண்டது என்று கேளுங்கள்.