ஓய்வும் கொக்கி ஊசியும்: துனீசியப் பின்னல் பயிலும் முறை

உழைப்பவர்க்கே ஓய்வின் அருமை தெரியும் என்பர். ரப்பர்த் தோட்டங்களில் விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, மரம் சீவி, பால் எடுத்துக் கொட்டகையில் சேர்த்துவிட்டு, நண்பகலுக்குப் பின் லயத்துக்குத் திரும்பிய தாய்மார்களுக்கு, அந்தி அடுப்பு மூட்டும் வரையில் கிடைத்த சிறு பொழுதே சொந்தப் பொழுதாக இருந்தது. அப்பொழுதில் திண்ணையில் அமர்ந்து சிலர் அரிசி புடைப்பர்; சிலர் பிள்ளைகளுக்குத் தலை வாரிவிடுவர்; கை சும்மா இருக்க இசையாத சிலர் கொக்கி ஊசியும் நூலும் எடுத்து, வானொலிப் பெட்டிக்கு விரிப்பும் பிறக்கப்போகும் பேரனுக்குக் குல்லாயும் பின்னுவர்.

ஜோகூர் பாருவிலிருந்து கோத்தா திங்கிக்குச் செல்லும் வழியிலுள்ள உலு திராமும் அத்தகைய தோட்டப்புற ஊரே. இன்று அதன் சுற்றுப்புறங்களில் வீடமைப்புத் தாமான்கள் எழுந்துள்ளன. லயம் போயிற்று, லயத்தோடு திண்ணையும் போயிற்று. ஆனால், ஓய்வுப் பொழுது போய்விடவில்லை. அதை எவ்வாறு கழிப்பது என்னும் கேள்வி முன்னிலும் பெரிதாக நிற்கிறது. அக்கேள்விக்குரிய நல்ல விடைகளுள் ஒன்று துனீசியப் பின்னல்.

பெயரும் பிறப்பும்

தமிழர்க்கு ஊசி புதிதன்று. துணி தைக்கும் துன்னகாரர் புகார் நகரில் வாழ்ந்ததைச் சிலப்பதிகாரம் கூறுகிறது. ஆனால், நுனி வளைந்த ஒரே ஊசியால் நூலைக் கண்ணி கண்ணியாக இழுத்துத் துணியாக்கும் கொக்கிப் பின்னல், ஐரோப்பியர் வழியாக நம்மிடம் வந்தது. பிரெஞ்சு மொழியில் ‘குரோஷே’ என்றால் சிறு கொக்கி என்பது பொருள். தமிழ்நாட்டுப் பெண்கள் அதனைக் ‘குரோஷா’ என்று வழங்குகின்றனர். மலாய் மொழியிலும் கருத்து ஒன்றே: பின்னுவதை ‘மெங்காயிட்’ என்பர்; மரத்துப் பழத்தை இழுத்துப் பறிக்கும் துறட்டியைப் ‘பெங்காயிட்’ என்பர். துறட்டி பிடித்த கைக்குக் கொக்கி ஊசியின் வேலை எளிதில் விளங்கும்.

இக்கொக்கிப் பின்னலின் ஒரு கிளையே துனீசியப் பின்னல். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐரோப்பாவில் இது பெரிதும் பரவியிருந்தது. 1886ஆம் ஆண்டில் தெரேஸ் த தில்மோன் என்னும் அம்மையார் வெளியிட்ட ஊசிவேலைக் கலைக்களஞ்சியத்திலும் இதற்கு விளக்கம் உண்டு. பெயர் துனீசிய நாட்டைக் காட்டினாலும், அந்நாட்டில்தான் பிறந்தது என்பதற்குத் திடமான சான்று இல்லை. ஆப்கானியப் பின்னல் என்றும் இதற்கு வேறொரு பெயர் வழங்குகிறது. இருபதாம் நூற்றாண்டில் மங்கியிருந்த இக்கலை, அண்மைக் காலத்தில் மறுபடியும் துளிர்த்து வருகிறது.

வேறுபாடு யாது?

சாதாரணக் கொக்கிப் பின்னலில் ஒவ்வொரு கண்ணியையும் அப்போதைக்கப்போதே முடித்துவிடுகிறோம். ஊசியில் நிற்பது பெரும்பாலும் ஒரே கண்ணி. வரிசை முடிந்ததும் துணியைத் திருப்பிப் பிடித்து மறு வரிசை தொடங்குகிறோம். இரட்டை ஊசிப் பின்னலிலோ எல்லாக் கண்ணிகளும் ஊசிமேலேயே நிற்கின்றன. துனீசியப் பின்னல் இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. முதலில் வலமிருந்து இடமாகச் சென்று கண்ணிகளை ஊசியில் சேர்க்கிறோம். பிறகு இடமிருந்து வலமாக வந்து அவற்றை ஒவ்வொன்றாக விடுவிக்கிறோம். முன்னதைப் ‘போக்கு’ என்றும் பின்னதை ‘வரவு’ என்றும் கொள்வோம். போக்கும் வரவும் சேர்ந்தால்தான் ஒரு வரிசை. துணியைத் திருப்பவே வேண்டியதில்லை; நல்ல முகம் எப்போதும் நம்மையே பார்த்துக்கொண்டிருக்கும்.

இதனால் விளையும் துணி தடிப்பாகவும் உறுதியாகவும் இருக்கும். பார்வைக்குத் தறியில் நெய்தது போலத் தோன்றும். போக்கில் எழும் கண்ணிகள் பாவு நூல் போல நிமிர்ந்து நிற்க, வரவில் ஓடும் நூல் ஊடை போலக் குறுக்கே கிடப்பதே இதற்குக் காரணம்.

வேண்டிய கருவிகள்

கண்ணிகள் எல்லாம் தங்குவதற்கு நீண்ட ஊசி வேண்டும். அவை நழுவாதிருக்க அதன் மறுமுனையில் ஒரு குமிழ் வேண்டும். அகலமான விரிப்புகளுக்கு, முனையில் வளையும் கம்பி இணைத்த ஊசிகளும் கிடைக்கின்றன. தொடங்குபவர் இவற்றைத் தேடி அலைய வேண்டியதில்லை. இடையில் தட்டையான பிடி இல்லாது நேராக உள்ள சாதாரணக் கொக்கி ஊசியின் மறுமுனையில் ஒரு ரப்பர் வளையத்தை இறுகச் சுற்றிவிட்டால், பதினைந்து இருபது கண்ணிகள் தங்கும். பயிற்சிக்கு அது போதும்.

ஊசியின் பருமனில் கவனம் தேவை. சாதாரணப் பின்னலுக்கு 4 மில்லிமீட்டர் ஊசி பொருந்தும் நூலுக்கு, இங்கே 5 அல்லது 6 மில்லிமீட்டர் ஊசியை எடுக்க வேண்டும். மெல்லிய ஊசியால் பின்னினால் துணி பலகைபோல விறைத்துவிடும்.

நூலைப் பொறுத்தவரையில், நிலநடுக்கோட்டுக்கு வெகு அருகில் வாழும் நமக்குக் கம்பளியைவிடப் பருத்தியே ஏற்றது. பருத்தி நூலைக் காரநீரில் பதப்படுத்தும் முறையை 1844இல் இங்கிலாந்தில் ஜான் மெர்சர் கண்டறிந்தார். அவர் பெயராலேயே ‘மெர்சரைஸ்’ செய்த நூல் என்று கடைகளில் விற்கப்படுகிறது. அது பளபளப்பும் வலிமையும் உடையது. சாயத்தை நன்கு பிடிக்கும். சூடான சட்டி பிடிக்கும் துணி பின்னுவோர் பருத்தியையே கொள்ள வேண்டும். அக்ரிலிக் போன்ற செயற்கை நூல் சூட்டில் உருகிக் கையைச் சுடும்.

முதற் பாடம்

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்வதே கற்பித்தலின் முதல் விதி. கொக்கிப் பின்னல் சிறிதளவேனும் அறிந்தவர்க்குச் சங்கிலி போடத் தெரியும். அங்கிருந்தே தொடங்கலாம்.

முதலில் 20 சங்கிலிகள் போடுக. ஊசியில் நிற்கும் கண்ணியை ஒன்று எனக் கொள்க. ஊசிக்கு அடுத்த இரண்டாம் சங்கிலியில் ஊசியை நுழைத்து, நூலைச் சுற்றி ஒரு கண்ணியை இழுத்து ஊசியிலேயே நிறுத்துக. இவ்வாறே ஒவ்வொரு சங்கிலியிலும் செய்து இடக்கோடி சேர்ந்தால், ஊசியில் 20 கண்ணிகள் இருக்கும். இது போக்கு.

இனி வரவு. நூலைச் சுற்றி, முதற்கண் ஒரே ஒரு கண்ணியின் வழியாக மட்டும் இழுக்க வேண்டும். அதன்பின் ஒவ்வொரு முறையும் நூலைச் சுற்றி, இரண்டு கண்ணிகளின் வழியாக இழுத்துக்கொண்டே வருக. வலக்கோடியில் ஒரு கண்ணி எஞ்சும்போது வரிசை முடிந்தது.

இப்போது துணியின் முகத்தைப் பார்த்தால், சிறு கம்பிகள் நிற்பது போன்ற கண்ணிகள் தெரியும். ஊசிக்கு நேர் கீழே உள்ள முதற் கம்பியை விட்டுவிடுக. இரண்டாவது கம்பியின் பின்னே வலமிருந்து இடமாக ஊசியை நுழைத்துக் கண்ணி எடுக்க வேண்டும். இடக்கோடிக் கம்பியில் மட்டும், அதன் பின்னே ஒட்டியுள்ள நூலையும் சேர்த்து நுழைத்தால் ஓரம் நேர்த்தியாக அமையும். மீண்டும் வரவு. இதுவே எளிய துனீசியத் தையல்.

வேண்டிய உயரம் வந்ததும், ஒவ்வொரு கம்பியிலும் ஊசியை நுழைத்து நூலைச் சுற்றி, அக்கம்பி வழியாகவும் ஊசியிலுள்ள கண்ணி வழியாகவும் ஒரேயடியாக இழுத்துக் கட்டிவிடலாம்.

இவ்வளவும் கைவந்தபின், ஊசியைக் கம்பியின் இரு கால்களுக்கும் நடுவே துணியின் மறுபுறம் வரையில் நுழைத்துப் பின்னினால், இரட்டை ஊசிப் பின்னல் போன்ற தோற்றம் கிடைக்கும். நூலை முன்புறம் வைத்துக்கொண்டு பின்னினால் முத்து முத்தாகப் புடைத்த தையல் கிடைக்கும். இம்மூன்றையும் மாற்றி மாற்றி அமைப்பதிலிருந்தே எண்ணற்ற வகைகள் பிறக்கின்றன. இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளையை வலக்கைக்கு மாற்ற முயல வேண்டாம். கற்பிப்பவர் எதிரே அமர்ந்தால், கண்ணாடியில் பார்ப்பது போல அப்பிள்ளை தானே கற்றுக்கொள்ளும்.

பிழையும் திருத்தமும்

புதிதாகப் பயில்வோரை மூன்று இடர்ப்பாடுகள் மனம் தளரச் செய்யும். முதலாவது, துணி வரவரக் குறுகுதல். இடக்கோடிக் கம்பியை மறப்பதும், வரவின் தொடக்கத்தில் ஒரு கண்ணிக்குப் பதிலாக இரண்டின் வழியாக இழுத்துவிடுவதும் இதற்குக் காரணம். ஒவ்வொரு போக்கின் இறுதியிலும் கண்ணிகளை எண்ணிவிட்டால் இப்பிழை நேராது. இரண்டாவது, துணி அகன்றுகொண்டே போதல். முதற் கம்பியை விட்டுவிட மறப்பதால் வருவது.

மூன்றாவது, துணி சுருளுதல். இது பின்னுபவரின் குற்றமன்று. முகப்பக்கமும் மறுபக்கமும் நூலை ஒரே அளவில் இழுக்காமையால் நேரும் இயல்பு. பெரிய ஊசியால் தளரப் பின்னுதல், சுற்றிலும் சாதாரணப் பின்னலால் கரை கட்டுதல், முடிந்தபின் நனைத்து ஒரு பலகைமேல் விரித்துக் குண்டூசி குத்தி உலர்த்துதல் ஆகியவற்றால் இது பெரிதும் நீங்கும்.

பிள்ளைகளுக்கு இக்கலையைப் பரிந்துரைக்க மற்றொரு காரணமும் உண்டு. எளிய துனீசியத் தையலின் ஒவ்வொரு கம்பியும் ஒரு கட்டம். கணக்கு நோட்டின் கட்டங்களைப் போல அவை வரிசையாக நிற்பதால், அவற்றின்மேல் வேறு நிற நூலால் குறுக்குத் தையல் போட்டு எந்த உருவத்தையும் வரையலாம். புள்ளி வைத்துக் கோலம் போடத் தெரிந்த சிறுமிக்கு இது விளையாட்டே. அவள் 20 கட்டத்தில் ஒரு தாமரையை நடுவில் நிறுத்த எண்ணும்போது, கழித்தலும் வகுத்தலும் அவளறியாமலே நடக்கின்றன.

நாகர்கோவிலும் நர்சாபூரும்

பொழுதுபோக்கு என்று நாம் எளிதாகக் கூறும் நூல்வேலைக்கு, நம் இனத்தாரிடையே ஓர் அரிய வரலாறு உண்டு. அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த நாகர்கோவிலுக்கு 1819இல் வந்த இலண்டன் மிஷன் சங்கத்துப் பாதிரியார் சார்லஸ் மால்ட் என்பாரின் துணைவியார் மார்த்தா மால்ட், அங்குள்ள பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அது கொக்கிப் பின்னலன்று. திண்டின்மேல் குண்டூசி குத்தி, சிறு கட்டைகளில் சுற்றிய நூலை முறுக்கி அமைப்பது. அவருடைய மகள் எலைசா, ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல்லை 1844இல் மணந்து, இடையன்குடிப் பெண்களுக்கும் அதனைக் கற்பித்தார். அக்காலத் திருவிதாங்கூரில் அடிமை முறை இருந்தது. 1855இல்தான் அது ஒழிக்கப்பட்டது. அதற்கு முன்பே அடிமைப் பெண்கள் சிலர், லேஸ் பின்னிப் பெற்ற காசைச் சேர்த்துத் தம் விடுதலையை விலை கொடுத்து வாங்கினர். ஒரு நூலிழை விலங்கை அறுத்தது என்றால் மிகையன்று.

இதற்கு மறுபுறமும் உண்டு. ஆந்திர நாட்டு நர்சாபூர்ப் பகுதியில் கொக்கிப் பின்னல் லேஸ் பெருந்தொழிலாக வளர்ந்தது. அங்குள்ள பெண்களின் நிலையை ஆராய்ந்து மரியா மீஸ் என்னும் ஜெர்மன் அறிஞர் 1982இல் ஒரு நூல் வெளியிட்டார். பெண்கள் நாள்தோறும் பல மணி நேரம் பின்னியும், ‘வீட்டிலிருப்போர் ஓய்வில் செய்வதுதானே’ என்ற பேச்சால் அவர்தம் உழைப்பு உழைப்பாகவே எண்ணப்படவில்லை. கூலி மிகக் குறைவாயிற்று. வாணிகர் பெற்றதே மிகுதி என்பதை அந்நூல் காட்டியது.

இவ்விரு வரலாறுகளும் ஓய்வு என்னும் சொல்லின் பொருளை நமக்குத் தெளிவாக்குகின்றன. தனக்காக, தன் விருப்பப்படி, தான் நினைத்த வேளையில் நிறுத்தக்கூடிய வேலையே ஓய்வு வேலை. பிறர் குறித்த நாளுக்குள் பிறருக்காகப் பின்னுவது தொழில். அதற்குத் தக்க கூலி கேட்பது நியாயமேயாகும். தாமான்களில் பின்னும் தாய்மார்கள் தம் கைப்பொருளை விற்க நேர்ந்தால், நூலின் விலையை மட்டும் கணக்கிடாது, செலவான மணிகளையும் எண்ணியே விலை சொல்ல வேண்டும். விற்க மனமில்லையெனில், அன்பாகக் கொடுத்து மகிழலாம்.

கூடிப் பின்னுதல்

இக்கலையைத் தனியே பயில்வதைவிட நால்வர் கூடிப் பயில்வது சிறந்தது. ஒருவர் எண்ணிக்கையை மறந்தால் மற்றவர் நினைவூட்டுவார். லயத்துத் திண்ணை தந்த அந்தக் கூட்டுறவை, வாரம் ஒரு மாலை ஒரு வீட்டின் கூடத்தில் மீட்டுக்கொள்ளலாம். வயது முதிர்ந்த பாட்டிமாரும் பள்ளிச் சிறுமிகளும் ஒரே பாயில் அமர்ந்து பேச இதைவிட நல்ல காரணம் வேறு வேண்டுமோ?

மரம் சீவிப் பழகியவர்க்கு ஒன்று நன்றாகத் தெரியும். கத்தி ஒரு முறை ஆழமாகப் பட்டுவிட்டால், மரத்தின் காயம் ஆண்டுக்கணக்கில் தழும்பாக நிற்கும். அதனாலேயே அவர்கள் அஞ்சி அஞ்சித் தொழில் கற்றனர். நூல் அப்படியன்று. பத்து வரிசை தவறாகப் போனாலும், முனையைப் பிடித்து இழுத்தால் பத்தும் அவிழ்ந்து, பழைய நூலாகவே கைக்கு வந்துவிடும். வாழ்நாளெல்லாம் தவறு செய்ய அஞ்சிய கைகளுக்கு, அச்சமின்றித் தவறு செய்து கற்கும் இன்பத்தை அளிப்பது இக்கலை.