செவிலியத்தில் அறிதல் முறைகள்

செவிலியத்தில் அறிதல் முறைகள் என்பது செவிலியர் தம் பணிக்கு வேண்டிய அறிவை எவ்வழிகளில் பெறுகின்றனர் என விளக்கும் கோட்பாடு ஆகும். அமெரிக்கச் செவிலியக் கல்வியாளர் பார்பரா கார்ப்பர் 1978 இல் வெளியிட்ட கட்டுரையில் ஆய்வறிவு, கலையறிவு, தன்னறிவு, அறநெறி அறிவு என நான்கினை வகுத்தார். (கலையறிவு என்பது இங்கு அந்தந்த நோயாளியின் தேவையை உய்த்துணரும் திறன்.)

வலிநீக்கி மருந்தின் அளவையும் இடைவெளியையும் ஆய்வறிவு கூறும். நோயாளி மீண்டும் மீண்டும் அழைக்கும்பொழுது செவிலியருக்கு எழும் எரிச்சலை அது கூறாது. அவ்வெரிச்சல் தம் களைப்பினால் விளைந்தது என உணராத செவிலியர், நோயாளியின் வலியைக் குறைத்து மதிப்பிட்டுவிடக்கூடும். இவ்வாறு தம்மை உணர்தலும் தன்னறிவில் அடங்கும். கற்பதற்கும் கற்பிப்பதற்கும் மிகக் கடினமானது தன்னறிவே எனக் கார்ப்பர் கருதினார்.

செவிலியரும் நோயாளியும் வாழும் சூழலை அறியும் சமூக அரசியல் அறிவை 1995 இல் ஜில் ஒயிட் ஐந்தாவதாகச் சேர்த்தார்.