20 பேருக்கும் ரோல் வேணும்... எந்த நாடகத்தைத் தேர்ந்தெடுக்கலாம்?

வார இறுதியில் கூடும் ஒரு நாடகக் குழுவின் வாட்ஸ்அப் குரூப்பை நினைத்துக்கொள்ளுங்கள். 'அடுத்த சீசனுக்கு என்ன பண்ணலாம்?' என்று ஒருவர் கேட்கிறார். 'இருக்குறது 20 பேர். எல்லாருக்கும் ரோல் வர்ற மாதிரி பெருசா ஒண்ணு போடலாம்' என்று பதில் வருகிறது. வரிசையாகத் தம்ஸ்-அப்.

ஆறு வாரம் கழித்துப் பார்த்தால், ஒத்திகைக்கு வருவது எட்டு பேர். 'கூட்டத்தில் ஒருவர்', 'காவலர் 2' என்று ரோல் கிடைத்தவர்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போயிருப்பார்கள். ஒரு நாடகம் நின்றுபோனால் அடுத்ததைப் போட்டுக்கொள்ளலாம். 'நம்மள சும்மா நிக்க வைக்கத்தான் கூப்பிட்டாங்க' என்ற எண்ணத்தோடு போனவர்களைத் திரும்பக் கூட்டி வருவதுதான் கஷ்டம்.

அப்படியானால் பெரிய நாடகமே வேண்டாமா? வேண்டும். தேர்ந்தெடுக்கும் முறைதான் மாற வேண்டும்.

பெரிய நாடகத்தால் என்ன லாபம்?

சம்பளம் கொடுக்கும் குழுவுக்கு 20 நடிகர்கள் என்பது பெரிய செலவு. வேலை முடிந்து ஆர்வத்தில் நடிக்க வருபவர்களின் குழுவுக்கு அதுவே பலம். புதிதாக வருபவர்கள் சின்ன ரோலில் மேடை பழகலாம். டிக்கெட்டும் நகரும்: 20 பேரும் ஆளுக்கு நான்கு பேரைக் கூட்டி வந்தாலே 80 இருக்கை நிரம்பிவிடும்.

இது நமக்குப் புதிதும் இல்லை. 1891-ல் பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் தொடங்கிய சுகுண விலாச சபை, வேறு தொழில் பார்த்துக்கொண்டே நடித்தவர்களின் அமெச்சூர் சபைதான்.

சிக்கல் எங்கே வருகிறது?

சின்னதாக ஒரு கணக்கு. உங்கள் குழுவில் ஒவ்வொருவரும் பத்து ஒத்திகையில் ஒன்பதுக்குத் தவறாமல் வருபவர் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பேர் நாடகம் என்றால், எல்லோரும் ஒரே நாளில் இருக்க சுமார் 59 சதவீத வாய்ப்பு. அதுவே 20 பேர் என்றால், வெறும் 12 சதவீதம்!

யாருக்கும் அக்கறை இல்லை என்பதல்ல. ஒருவருக்கு நைட் ஷிஃப்ட், ஒருவருக்கு ஊரில் கல்யாணம், ஒருவருக்குக் காய்ச்சல். அதனால், 'எத்தனை ரோல்?' என்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: 'எத்தனை பேர் ஒரே காட்சியில் சேர்ந்து இருக்கணும்?'

மூன்று நாடகங்களை ஒப்பிடலாமா?

ட்வெல்வ் ஆங்ரி மென்: ரெஜினால்ட் ரோஸ் 1954-ல் தொலைக்காட்சிக்கு எழுதியது, பிறகு மேடைக்கும் வந்தது. ஒரு கொலை வழக்கில் தீர்ப்பு சொல்ல வேண்டிய 12 பேர், ஒரே அறை. செட் செலவு குறைவு, எல்லோருக்கும் வசனம் உண்டு. ஆனால் 12 பேரும் ஏறக்குறைய முழு நேரமும் மேடையில் இருக்க வேண்டும். இரண்டு பேர் வரவில்லை என்றாலே அன்றைய ஒத்திகை அரைகுறை. மூலத்தில் 12 பேரும் ஆண்கள் என்பதையும் யோசிக்க வேண்டும்.

அவர் டவுன்: தார்ன்டன் வைல்டரின் 1938 நாடகம். 20-க்கும் மேல் பாத்திரங்கள். மேஜை, நாற்காலி, ஏணி போதும். அன்றாடக் குடும்பக் காட்சிகள் என்பதால் வீடு வீடாகப் பிரித்து ஒத்திகை பார்க்கலாம். பெண்களுக்கும் நல்ல ரோல்கள் உண்டு.

ஆன் எனிமி ஆஃப் த பீப்பிள்: இப்சனின் 1882 நாடகம். ஊருக்கு வருமானம் தரும் குளியல் நிலையத்தின் தண்ணீர் அசுத்தம் என்று கண்டுபிடிக்கும் டாக்டரை, ஊரே எதிரியாக்குகிறது. சத்யஜித் ராயின் 'கணசத்ரு' (1989) படம் இதிலிருந்து வந்ததுதான். பெயருள்ள பாத்திரங்கள் 11. நான்காம் அங்கத்தில் ஊர்க் கூட்டம். அதில் எத்தனை பேரை வேண்டுமானாலும் சேர்க்கலாம், அவர்களுக்குத் தனி ஒத்திகையும் வைக்கலாம்.

இங்கேதான் இயக்குநர் கவனமாக இருக்க வேண்டும். அந்தக் கூட்டத்தில் நிற்பவரை 'நபர் 7' என்று விட்டால் அவர் மூன்றாவது வாரமே வர மாட்டார். 'நீங்க லாட்ஜ் நடத்துறவர். குளியல் நிலையத்தை மூடினா உங்க பொழப்பு போச்சு' என்று சொல்லிப் பாருங்கள். அவருக்குக் கோபப்பட ஒரு காரணம் கிடைத்துவிடும். காட்சியும் நிஜமாகும்.

உரிமை வாங்கணுமா?

இந்தியாவில் எழுத்தாளர் இறந்து 60 ஆண்டுகள் வரை காப்புரிமை உண்டு. இப்சன் 1906-ல் இறந்தவர், மூலத்துக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் நீங்கள் எடுக்கும் மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை இருக்கலாம். வைல்டர் 1975-ல் இறந்தவர் என்பதால் அனுமதி வாங்க வேண்டும். ரோஸ் இறந்தது 2002-ல், அங்கேயும் அதே கதைதான்.

காப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவில் ஒரு விலக்கு உண்டு: கட்டணம் வாங்காத பார்வையாளர்களுக்கு அமெச்சூர் குழு நாடகம் நடத்தினால் அது மீறல் ஆகாது. டிக்கெட் போட்டால் இந்த விலக்கை நம்பாதீர்கள். நீங்களே தமிழில் மொழிபெயர்க்கப் போகிறீர்கள் என்றால் அதற்கு அனுமதி தனி.

முடிவெடுக்கும் முன் ஒரு மாலை

ஒரு ஸ்ப்ரெட்ஷீட் திறந்து, மேலே காட்சிகளையும் பக்கவாட்டில் பாத்திரங்களையும் எழுதுங்கள். யார் எந்தக் காட்சியில் இருக்கிறார்கள் என்று டிக் போடுங்கள். எல்லாக் கட்டத்திலும் டிக் என்றால் அந்த நாடகம் உங்கள் குழுவின் ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்றுவிடும். சின்னச் சின்னக் கொத்துகளாக இருந்தால் தைரியமாக எடுக்கலாம்.

பிறகு பாருங்கள், ஒரே ஒரு டிக் மட்டும் உள்ளவர்கள் யார் யார்? அவர்களில் யாருக்கு இரண்டாவது ரோல் கொடுக்கலாம், யாருக்கு இசை, ஒளி, ஆடைப் பொறுப்பு பிடிக்கும் என்று அவர்களிடமே கேளுங்கள். ரோல் அறிவித்த பிறகு கேட்டால் அது சமாதானம் மாதிரி தெரியும். நாடகத்தை முடிவு செய்வதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.