சீசன் போனாலும் வாடகை போகாது: மாமல்லபுரத்தில் தொழில் செய்பவர்கள் கையில் இருக்க வேண்டிய சான்றுகள்

மாமல்லபுரத்தில் கடை வைத்திருப்பவர்களுக்கு வருஷம் முழுக்க வியாபாரம் கிடையாது. மழைக்காலம் முடிந்து டிசம்பர் கடைசியில் வரத் தொடங்கும் வெளிநாட்டுக் கூட்டம் வெயில் ஏறும் வரை இருக்கும். சனி, ஞாயிறு என்றால் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் சென்னைக்காரர்கள் வருவார்கள். காணும் பொங்கலன்று நிற்க இடம் இருக்காது. மற்ற நாட்களில்? கல்லா காலி. வாடகையும் வட்டியும் மட்டும் லீவு எடுப்பதில்லை.

இங்குள்ள சின்னங்களை 1984-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 2022-ல் செஸ் ஒலிம்பியாட் இங்கே நடந்தது. ஊருக்குப் பெயர் இருக்கிறது. ஆனால் 2020 மார்ச் மாதம் கொரோனாவால் சின்னங்கள் மூடப்பட்டபோது அந்தப் பெயர் யாருக்கும் சோறு போடவில்லை. அப்படிப்பட்ட நாட்களில் கை கொடுப்பவை கடன், மானியம், சட்டப் பாதுகாப்பு. மூன்றுக்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "நீங்க இந்தத் தொழில்தான் செய்றீங்கன்னு என்ன ஆதாரம்?"

தரைக்கடை, தள்ளுவண்டி வைத்திருக்கிறீர்களா?

சங்கு, பாசிமணி, சுண்டல், இளநீர் என எதை விற்றாலும் 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் உங்களுக்கானது. உங்கள் உள்ளாட்சி அலுவலகத்தில் கணக்கெடுப்பில் பெயர் சேர்த்து, விற்பனைச் சான்றிதழ் வாங்குங்கள். "இத்தனை வருஷமா இதே இடத்துலதான் இருக்கேன், எல்லாருக்கும் என்னைத் தெரியும்" என்பது மட்டும் போதாது.

சான்றிதழ் இருந்தால் என்ன கிடைக்கும்? அதில் குறிப்பிட்ட இடத்திலிருந்து உங்களை அகற்ற வேண்டுமானால் 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். பொருளைப் பறிமுதல் செய்தால் பட்டியல் தர வேண்டும். நீங்கள் கேட்டதும், உரிய கட்டணம் பெற்றுக்கொண்டு, அழுகும் பொருளை அன்றே திருப்பித் தர வேண்டும். மற்றவற்றை இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும்.

பி.எம். ஸ்வநிதி கடனுக்கும் இதுவே வழி. முதல் தவணை 15,000 ரூபாய் வரை, ஒழுங்காகக் கட்டினால் 25,000, அடுத்து 50,000. அடமானம் கேட்க மாட்டார்கள். தவறாமல் கட்டுபவர்களுக்கு 7 சதவீத வட்டி மானியம் உண்டு. சான்றிதழ் இன்னும் வரவில்லை என்றால் உள்ளாட்சியின் பரிந்துரைக் கடிதத்துடன் விண்ணப்பிக்கலாம்.

உளி பிடிக்கும் கையா?

மாமல்லபுரம் கற்சிற்பத்துக்கு 2017-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பலரும் "ஊருக்கே கிடைச்சாச்சு, அப்புறம் எனக்கு எதுக்குத் தனியா?" என்று விட்டுவிடுகிறார்கள். அங்கேதான் சிக்கல். அந்தக் குறியீட்டை உங்கள் சிலையில் போட்டு விற்க, நீங்கள் 'அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்' என்று தனியாகப் பதிவு செய்ய வேண்டும். பதிவகம் சென்னை கிண்டியில்தான் இருக்கிறது. விண்ணப்பக் கட்டணம் 2020-ல் 10 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. இயந்திரத்தில் அறுத்த சிலையும் கையால் செதுக்கிய சிலையும் ஒரே அலமாரியில் நிற்கும்போது, வாங்குபவருக்கு வித்தியாசம் சொல்ல இந்தக் குறியீடு உதவும்.

அடுத்தது உத்யம் பதிவு. ஆதார் எண் வேண்டும், கட்டணம் ஒரு பைசா கிடையாது. பணம் கேட்கும் இணையதளம் எதுவும் அரசுடையதல்ல. இதன் பலன் பெரிது: ஓட்டலோ ரிசார்ட்டோ சிலையை வாங்கிவிட்டுப் பணத்தை இழுத்தடித்தால், குறு, சிறு தொழில் செய்பவருக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் தர வேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். தாமதித்தால் வட்டியும் சேரும். ஆனால் ஆர்டர் எடுப்பதற்கு முன்பே பதிவு செய்திருங்கள். தகராறு வந்த பிறகு ஓடினால் பயன்படாமல் போகலாம்.

பட்டறையைப் பெருக்க நினைப்பவர்களுக்குத் தமிழ்நாடு அரசின் கலைஞர் கைவினைத் திட்டம் இருக்கிறது. 35 வயது நிரம்பியிருக்க வேண்டும். 3 லட்சம் ரூபாய் வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம்.

கட்டடத்தில் கை வைக்கும் முன்

பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கட்ட முடியாது. பழுது பார்க்கவே அனுமதி வேண்டும். அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை முன் அனுமதியோடுதான் எதையும் கட்டலாம். கடலோரத்தில் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகளும் சேரும். அட்வான்ஸ் கொடுத்த பிறகு அல்ல, கொடுப்பதற்கு முன் அளந்து பாருங்கள்.

எங்கே தொடங்குவது?

தெரு வியாபாரம் என்றால் உள்ளாட்சி அலுவலகம். சிற்பம், பட்டறை என்றால் செங்கல்பட்டு மாவட்டத் தொழில் மையம். ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம், புகைப்படம் எடுத்துச் செல்லுங்கள். இந்த வேலையைக் கூட்டம் குறைந்த மாதத்தில் முடித்துவிடுங்கள். சீசன் தொடங்கிவிட்டால் கடையை விட்டு நகர நேரம் இருக்காது. சீசன் முடிந்தபின் பணம் தேவைப்படும்போது, சான்றுக்காகக் காத்திருக்க வேண்டி வரும்.