54 முறை தவறிய மட்டை: மூத்த அடிவீரர்கள் ஏன் எளிதில் மாறுவதில்லை?

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் பால்டிமோர் ஓரியோல்ஸ் அணிக்கு ஆடிய கிறிஸ் டேவிஸ், 2018 செப்டம்பர் 14 அன்று ஒரு ஹிட் அடித்தார். அவருடைய அடுத்த ஹிட் 2019 ஏப்ரல் 13 அன்றுதான் வந்தது. நடுவில் ஆட்டமே இல்லாத குளிர்காலம் ஒன்று கழிந்தது. அதைத் தள்ளிவிட்டுப் பார்த்தாலும், 2018 சீசனின் கடைசியில் 21, புதிய சீசனின் தொடக்கத்தில் 33 என மொத்தம் 54 முயற்சிகளில் அவருக்கு ஒரு ஹிட்கூடக் கிடைக்கவில்லை. பந்து வீசும் பிட்சர்களை விட்டுவிட்டால், மேஜர் லீக்கில் இவ்வளவு நீண்ட வறட்சியை வேறு எந்த மட்டையாளரும் கண்டதில்லை. அதற்கு முன் யூஜெனியோ வெலெஸ் என்ற வீரர் 2010, 2011 ஆண்டுகளில் தொடர்ந்து 46 முறை தவறியதே மோசமான சாதனையாக இருந்தது.

பேஸ்பாலில் ஹிட் என்பது, பந்தை அடித்துவிட்டு ஓடி முதல் பேஸையாவது பத்திரமாக எட்டுவது. கிரிக்கெட்டில் சராசரி என்றால் ஓட்டக் கணக்கு. பேஸ்பாலில் அது ஹிட்களை முயற்சிகளால் வகுத்த விகிதம். பத்து முயற்சிகளில் மூன்று ஹிட் அடித்தால் .300, அதாவது நல்ல மட்டையாளர். .250 என்றால் சுமார். டேவிஸ் 2018 சீசனில் 470 முயற்சிகளில் 79 ஹிட் அடித்தார். சராசரி .168. பட்டியலில் இடம்பெறும் அளவுக்கு முழு சீசன் ஆடிய வீரர்களில் இதுவே நவீன கால பேஸ்பாலின் மிகக் குறைந்த சராசரி. ராப் டியர் 1991-லும் டேன் அக்லா 2013-லும் எடுத்திருந்த .179 அதற்கு முந்தைய அடிமட்டம்.

எந்த மட்டையாளருக்கும் சரிவு வரும். .250 சராசரி உள்ள ஒருவர் 20 முயற்சிகளில் ஒன்றும் அடிக்காமல் போவதற்கான வாய்ப்பு ஆயிரத்தில் மூன்று. சீசனுக்கு ஐந்நூறு முயற்சிகள் ஆடுபவருக்கு இப்படி ஒரு வாரம் எப்போதாவது அமைந்துவிடலாம். ஒவ்வொரு முயற்சியும் தனித்தனியானது என்று கொண்டால், அதே வீரர் தொடர்ந்து 54 முறை தவறுவதற்கான வாய்ப்பு ஏறக்குறைய 56 லட்சத்தில் ஒன்று. டேவிஸின் 2018 சராசரியை வைத்துக் கணக்கிட்டாலும் இருபதாயிரத்தில் ஒன்றுதான் வரும். கெட்ட நேரம் என்று சொல்லிக் கடந்துவிட முடியாத எண் இது.

அவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். 2013-இல் 53 ஹோம் ரன் (கிரிக்கெட்டின் சிக்ஸரைப் போல் பந்தை எல்லைக்கு அப்பால் அனுப்பும் அடி) அடித்து மேஜர் லீக்கில் முதலிடம் பிடித்தவர் டேவிஸ். பிரேடி ஆண்டர்சன் 1996-இல் அடித்த 50 என்ற ஓரியோல்ஸ் அணியின் சாதனையை அந்த ஆண்டு முறியடித்தார். அடுத்த ஆண்டே சராசரி .196-க்கு விழுந்தது. கவனக்குறைபாட்டுக்கான அடரால் மருந்தை அனுமதி பெறாமல் உட்கொண்டதற்காக 25 ஆட்டங்கள் தடையும் விதிக்கப்பட்டது. ஆனால் 2015-இல் எழுந்து நின்றார். 47 ஹோம் ரன்களோடு மறுபடியும் லீக்கில் முதலிடம். 2016 ஜனவரியில் அணி அவரோடு ஏழு ஆண்டுகளுக்கு 16.1 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது. விழுந்தவர் தானாகவே எழுந்துவிடுவார் என்ற நம்பிக்கை அணிக்கும் அவருக்கும் இப்படித்தான் வேரூன்றியது. பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இந்த 2014, 2015 அனுபவமே திறவுகோல்.

முப்பது வயதைத் தாண்டிய அடிவீரரின் உடலில் நடப்பது சிக்கலானதல்ல, ஆனால் கொடியது. பிட்சர் நிற்கும் மேட்டிலிருந்து மட்டையாளர் நிற்கும் இடம் 18.44 மீட்டர். மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் வரும் பந்து கையை விட்டு மட்டையருகே வர ஏறக்குறைய 0.4 வினாடி. மட்டையைச் சுழற்றவே 0.15 வினாடி போய்விடும். பந்து எங்கே வருகிறது, நேராக வருமா, வளையுமா, வேகம் குறையுமா என்று கண்டுகொண்டு முடிவெடுக்க மிஞ்சுவது கால் வினாடி. கை வேகம் சற்றே தளர்ந்தாலும், அந்தக் குறையை முடிவெடுக்கும் நேரத்திலிருந்து கடன் வாங்கித்தான் ஈடுகட்ட வேண்டும். வேகப்பந்தை எதிர்பார்த்து முன்கூட்டியே சுழற்றத் தொடங்கினால், வளைந்து கீழே இறங்கும் ஸ்லைடருக்கோ வேகம் குறைந்த பந்துக்கோ ஏமாறுவார். பொறுத்துப் பார்த்தால் வேகப்பந்து கடந்து போயிருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர், மூன்றாவது ஸ்ட்ரைக்காக, அதாவது மட்டையாளரை வெளியேற்றும் மூன்றாவது தவறலாக, எண்ணப்படும் பந்து மட்டையாடும் எல்லைக்குள் வரும்போதும் தோளில் மட்டையோடு அசையாமல் நிற்பார். டேவிஸின் கடைசி ஆண்டுகளில் ரசிகர்கள் திரும்பத் திரும்பக் கண்ட காட்சி இது. 2018-இல் 128 ஆட்டங்களில் 192 முறை அவர் ஸ்ட்ரைக் அவுட் ஆனார்.

தடுப்பு வியூகமும் அவருக்கு எதிராகத் திரும்பியிருந்தது. டேவிஸ் இடக்கை மட்டையாளர். பலமாக அடித்தால் பந்து மைதானத்தின் வலப்பக்கம் பாயும். எதிரணியினர் உள்வட்டத் தடுப்பாளர்களில் மூவரை அந்தப் பக்கமே நிறுத்தினார்கள். ஒரு காலத்தில் ஹிட் ஆகியிருக்கக்கூடிய தரையடிகள் காத்திருந்த கைகளுக்குள் போய் விழுந்தன. இடப்பக்கம் தட்டிவிடு, இரண்டு ஸ்ட்ரைக் ஆனதும் மட்டையை ஓர் அங்குலம் மேலே பிடித்துச் சுழற்சியைச் சுருக்கு என்பவை இதற்குப் பயிற்சியாளர்கள் சொல்லும் வழக்கமான மருந்துகள்.

சொன்னதை டேவிஸ் கேட்டாரா? ஓரியோல்ஸ் அணியின் பழம்பெரும் பிட்சரும் தொலைக்காட்சி வர்ணனையாளருமான ஜிம் பாமர் 2018 சீசனின் நடுவே, நேரலையிலேயே ஒரு குற்றச்சாட்டை வைத்தார். குளிர்காலத்தில் ஆட்டத்தைச் சீர்செய்ய உழைத்ததாக டேவிஸ் சொல்கிறார்; மட்டைப் பயிற்சியாளர் ஸ்காட் கூல்பாவிடம் கேட்டால் அப்படி நடக்கவில்லை என்கிறார் என்பதே அதன் சாரம். சொந்த அணியின் ஒளிபரப்பில், சொந்த அணியின் சாதனையாளர் இப்படிப் பேசுவது அரிது. ஜூன் மாதம், சராசரி .150 ஆக இருந்தபோது, மேலாளர் பக் ஷோவால்டர் அவரைத் தொடர்ந்து எட்டு ஆட்டங்களில் வெளியே உட்கார வைத்தார். அந்த நாட்களில் கூல்பாவும், அப்போது அணி நிர்வாகத்தில் இருந்த பிரேடி ஆண்டர்சனும் அவரோடு வேலை செய்தார்கள். டேவிஸ் யாரிடமும் எதையும் கேட்க மறுத்தார் என்று ஒரே வரியில் முடிப்பது நியாயமில்லை. ஆனால் அடிப்படையான மாற்றம் எதுவும் மைதானத்தில் தெரியவில்லை என்பதும் உண்மை.

இந்தப் பிடிவாதத்தைச் சோம்பலாகவோ திமிராகவோ பார்ப்பவர்கள் முக்கியமான ஒன்றைத் தவறவிடுகிறார்கள். 53 ஹோம் ரன் தந்த சுழற்சி அவருடைய உடலில் ஊறிப்போன ஒன்று. அதை மாற்றினால் பழையதும் போய், புதியதும் வராமல் போகலாம். பழைய முறை ஒருமுறை அவரைக் கரையேற்றியும் இருக்கிறது. மற்றவர்களின் வரலாறும் அந்தப் பக்கமே பேசுகிறது. பாஸ்டன் அணியின் டெட் வில்லியம்ஸுக்கு எதிராக 1946-இல் கிளீவ்லாந்து மேலாளர் லூ பூட்ரோ தடுப்பாளர்களை வலப்பக்கம் குவித்தபோது, இடப்பக்கம் அடிக்கச் சொன்னவர்கள் ஏராளம். வில்லியம்ஸ் பெரும்பாலும் தன் வழியிலேயே அடித்தார். அந்த ஆண்டுச் சராசரி .342. 1959-இல் கழுத்து வலியோடு ஆடி .254-க்கு இறங்கியபோது அவர் கதை முடிந்தது என்றார்கள். அடுத்த ஆண்டு .316 எடுத்து, தன் கடைசி முயற்சியில் ஹோம் ரன் அடித்து விடைபெற்றார். டேவிட் ஓர்டிஸ் 2009-இல் மே 20 வரை ஒரு ஹோம் ரன்கூட அடிக்காமல் இருந்துவிட்டு, சீசன் முடிவதற்குள் 28 அடித்தார். இவற்றையெல்லாம் பார்த்து வளர்ந்த வீரர், பொறுத்திருந்தால் சரியாகிவிடும் என்று நினைப்பதில் வியப்பில்லை.

மாறியவர்களும் உண்டு; ஆனால் அவர்கள் எந்த நிலையில் இருந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ஹோசே பாட்டிஸ்டா 2009 வரை ஆறு சீசன்களில் மொத்தம் 59 ஹோம் ரன் மட்டுமே அடித்து, அணி அணியாக அலைந்தவர். சுழற்சியை முன்கூட்டியே தொடங்கு என்று டொராண்டோ அணியில் பயிற்சியாளர் டுவெய்ன் மர்ஃபி போன்றோர் சொன்னதை ஏற்றுக்கொண்டார். 2010 சீசனில் மட்டும் 54 ஹோம் ரன். ஜே. டி. மார்ட்டினெஸ் தன் சுழற்சியை ஒரு குளிர்காலத்தில் அடியோடு மாற்றிக்கொண்டு வந்தும், 2014 மார்ச்சில் ஹூஸ்டன் அணி அவரை விடுவித்தது. அந்த ஆண்டே டெட்ராய்ட் அணிக்காக .315 சராசரியோடு 23 ஹோம் ரன் அடித்தார். இருவருக்கும் இழப்பதற்குப் பெரிதாக எதுவும் இல்லை. டேவிஸுக்கு எல்லாமே இருந்தது.

அணியின் அமைப்பும் இதற்குத் துணைபோனது. மேஜர் லீக் ஒப்பந்தத் தொகை உறுதியானது. ஆடாவிட்டாலும், நீக்கப்பட்டாலும் பணம் வந்துசேரும். மட்டைப் பயிற்சியாளரின் வேலை அப்படி உறுதியானதல்ல. அணி தோற்றால் முதலில் வெளியேறுபவர்களில் அவரும் ஒருவர். 2018-இல் ஓரியோல்ஸ் 115 ஆட்டங்களில் தோற்றது. ஷோவால்டர் போனார், கூல்பா போனார், டேவிஸ் இருந்தார். ஆண்டுக்கு 2.3 கோடி டாலர் மதிப்புள்ள வீரரிடம், அடுத்த ஆண்டு தான் இருப்போமா என்று தெரியாத ஒருவர் எவ்வளவு அழுத்திச் சொல்ல முடியும்? இந்த விஷயத்தில் டேவிஸைவிட அணி நிர்வாகத்தின் பொறுப்பே பெரிது.

2019-இல் பிராண்டன் ஹைட் மேலாளராகவும் டான் லாங் மட்டைப் பயிற்சியாளராகவும் வந்தார்கள். ஏப்ரல் 13 அன்று பாஸ்டனின் ஃபென்வே பார்க்கில் ரிக் போர்செல்லோ வீசிய பந்தை டேவிஸ் வலப்பக்கம் அடித்து இரண்டு ஓட்டம் சேர்த்தபோது வறட்சி முடிந்தது. அன்று மூன்று ஹிட் அடித்தார். ஆகஸ்ட் 7 அன்று யாங்கீஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தின் நடுவே, வீரர்கள் அமரும் இடத்தில் ஹைட்டோடு அவர் மோதப் போனார். மற்றவர்கள் பிடித்து நிறுத்தினார்கள். அந்த சீசன் .179 சராசரியோடு முடிந்தது. 2020-இல் 16 ஆட்டங்களில் ஆறு ஹிட். 2021-இல் இடுப்பு அறுவை சிகிச்சையால் ஆடவே இல்லை. ஒப்பந்தத்தில் இன்னும் ஓர் ஆண்டு இருக்கும்போதே, அந்த ஆகஸ்டில் 295 ஹோம் ரன்களோடு ஓய்வை அறிவித்தார். தொகையில் 4.2 கோடி டாலரைத் தள்ளிவைத்துத் தருவதாக முதலிலேயே பேசியிருந்ததால், ஓரியோல்ஸ் அணி அவருக்கு 2037 வரை பணம் கொடுக்க வேண்டியிருக்கிறது. உள்வட்டத் தடுப்பாளர்கள் பக்கத்துக்கு இருவராகவே நிற்க வேண்டும் என்ற விதி, அவர் விலகி இரண்டு சீசன்களுக்குள், 2023-இல் நடைமுறைக்கு வந்தது.