கல்லறை முன்னே, கோவில் பின்னே!

முதலில் கோவில் கட்டுவார்கள். பிறகு அதன் பக்கத்தில் கல்லறைத் தோட்டம் அமையும். கிறிஸ்தவர்களிடம் இதுதான் வழக்கம். ஆனால், போடிநாயக்கனூருக்கு மேலே மலைமீது இருக்கும் மூணாறில் நடந்தது தலைகீழ்! அங்கே கல்லறை முதலில் வந்தது. கோவில் 16 ஆண்டுகள் கழித்துத்தான் வந்தது.

அதற்குக் காரணம், 24 வயதுப் பெண் ஒருவர் சொல்லி வைத்த ஒரு வார்த்தை.

அவர் பெயர் எலினார் இசபெல் மே. கண்ணன் தேவன் தோட்டங்களின் முதல் ஜெனரல் மானேஜர் என்று பெயர் பெற்ற ஹென்றி மான்ஸ்பீல்டு நைட் என்ற வெள்ளைக்காரரின் மனைவி. 1894-ம் ஆண்டு டிசம்பர் மாதம் கணவரோடு மலையைச் சுற்றிப் பார்த்தார். ஒரு குன்றின் மேல் நின்று பார்த்தபோது, அந்த இடத்தின் அழகு அவர் மனதைப் பறிகொண்டது. தாம் இறந்தால் இங்கேதான் அடக்கம் செய்ய வேண்டும் என்று கணவரிடம் சொன்னாராம். மூணாறில் இன்றும் சொல்லப்படும் செய்தி இது.

சில நாட்கள்கூட ஆகவில்லை. காலரா கண்டது. கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு முன்பே அவர் உயிர் பிரிந்தது.

நைட் துரை வேறு இடம் தேடவில்லை. மனைவி காட்டிய குன்றிலேயே குழி தோண்டினார்கள். அதைச் சுற்றித்தான் பிறகு கல்லறைத் தோட்டம் உண்டாயிற்று. குன்றின் கீழே கிறிஸ்து ஆலயம் கட்டப்பட்டது 1910-ல்தான்.

சொல்லாமல் போயிருந்தால்?

அந்தப் பெண் ஒன்றும் சொல்லாமல் இறந்திருந்தால் கணவர் என்ன செய்திருப்பார்?

அந்தக் காலத்தில் மூணாறு மலைக்குப் போக்குவரத்து பெரும்பாலும் போடி வழியாகத்தான். போடியிலிருந்து குரங்கணி. குரங்கணியிலிருந்து செங்குத்தான மலைப்பாதை. போடிக்கு ரயில் வந்ததே 1928-ல்தான். மனைவியின் உடலைக் கீழே இறக்குவதா, காட்டிலேயே புதைப்பதா என்று அந்தத் துயரத்தில் அவரே முடிவு செய்ய வேண்டியிருந்திருக்கும். பின்னாளில், "தவறு செய்து விட்டோமோ?" என்ற கவலையும் அரித்திருக்கும். மனைவியின் ஒரு வார்த்தை அவரை அதிலிருந்து காப்பாற்றியது.

தமிழருக்கு இது புதிதல்ல

புறநானூற்றில் ஒரு பாட்டு உண்டு. கணவனோடு வழிநடந்து வந்த ஒரு பெண். வழியிலே கணவன் இறந்து விடுகிறான். தெரியாத ஊர். அந்த ஊர்க் குயவனிடம் அவள் ஒரு வேண்டுகோள் விடுக்கிறாள். கணவனுக்குச் செய்யும் தாழியைத் தனக்கும் இடம் இருக்கும்படி அகலமாகச் செய்யச் சொல்கிறாள். தன் அடக்கத்துக்குத் தானே ஏற்பாடு செய்துகொண்டவள் அவள்!

இன்றும் போடிப் பக்கத்துக் கிராமங்களில் வயதான பெண்கள் இப்படித்தான். "என் காரியத்துக்கு" என்று சிறுகச் சிறுகப் பணம் சேர்த்துப் பெட்டியின் அடியில் வைத்திருப்பார்கள். பிறந்த வீட்டுக் கோடி யார் கொண்டு வர வேண்டும், நெய்ப்பந்தம் எந்தப் பேரன் பிடிக்க வேண்டும் என்பதையெல்லாம் முன்கூட்டியே சொல்லி விடுவார்கள். கேட்கிற பிள்ளைகள்தான், "வாயில் நல்ல வார்த்தையே வராதா?" என்று அடக்கி விடுகிறார்கள்.

அடக்குவது அன்பினால்தான். ஆனால், பிறகு திண்டாடப் போவதும் அந்தப் பிள்ளைகள்தான்.

மலைக்கு மேலே வேறு ராஜ்யம்

திண்டாட்டம் மற்ற ஊர்களைவிட ஏலமலைக்காரர்களுக்கு அதிகம். காரணம், இவர்களுக்கு வாழ்வு மேலே, வேர் கீழே.

ஏலத் தோட்டத்தில் களை எடுக்கவும், காய் பறிக்கவும் போடி, தேவாரம், கம்பம் பக்கத்திலிருந்து தினமும் ஜீப்பில் ஏறிப் போகிறவர்கள் உண்டு. தலைமுறை தலைமுறையாக மேலேயே குடியிருப்பவர்களும் உண்டு. 1956 நவம்பர் 1-ந்தேதி மொழிவாரி ராஜ்யங்கள் பிரிந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு சேர்ந்தன. போடிமெட்டு எல்லையாயிற்று.

மேலே ஒருவர் இறந்தால் என்ன ஆகும்? மரணத்தை, அது நடந்த இடத்தில்தான் பதிவு செய்ய வேண்டும். 1969-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அதற்கு 21 நாள் தவணை. ஆகவே, போடிக்காரர் மேலே தோட்டத்தில் இறந்தால் அவருடைய இறப்புச் சான்றிதழ் கேரளத்திலிருந்துதான் வர வேண்டும். உடலைப் போடிக்குக் கொண்டு வந்து எரித்துவிட்டு, இங்கே போய்க் கேட்டால் கிடைக்காது. விபத்தினால் வந்த சாவு என்றால், அந்தப் பகுதிப் போலீசார் விசாரணை நடத்த வேண்டும். பிரேதப் பரிசோதனையும் நடக்கும். அது முடிகிறவரை கீழே பந்தல் போட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

இந்த விவரங்களை இழவு வீட்டில் கற்றுக்கொள்ள முடியுமா?

"மேலேயா, கீழேயா?" என்ற சண்டையும் அப்போதுதான் வரும். "பிழைத்த மண்ணில் புதைப்போம்" என்பான் ஒரு மகன். "தாத்தா சுடுகாட்டுக்கே கொண்டு போவோம்" என்பான் இன்னொருவன். இருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. தீர்ப்புச் சொல்லக் கூடியவரோ கண்ணை மூடிக் கிடப்பார்.

கேட்க ஆளில்லாத இரவு

2020 ஆகஸ்டு 6-ந்தேதி இரவு மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்தது. தேயிலைத் தொழிலாளர் குடியிருந்த லயங்கள் மண்ணுக்குள் போயின. 70 பேர் மாண்டனர். பெரும்பாலோர் தமிழர்கள், பலருக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறுப் பக்கம். கிடைத்த உடல்களை ராஜமலைப் பகுதியிலேயே சேர்த்து அடக்கம் செய்தார்கள். நால்வரின் உடல் கிடைக்கவே இல்லை.

யார் எங்கே படுக்க விரும்பினார்கள் என்று கேட்க அன்று நேரமும் இல்லை. பல குடும்பங்களில் சொல்ல ஆளும் இல்லை. இப்படிப்பட்ட பேரிடி எந்த ஏற்பாட்டையும் புரட்டிவிடும். ஆனால் எல்லாச் சாவும் பெட்டிமுடி அல்லவே! வயோதிகத்தில், நோயில், படுக்கையில் வரும் சாவுக்கு நமக்கு அவகாசம் இருக்கிறது. அந்த அவகாசத்தைத்தான் நாம் வெட்கத்திலும் பயத்திலும் வீணாக்குகிறோம்.

ஜப்பானில் இதற்கு வெட்கப்படுவதில்லை. அங்கே வயதானவர்கள் தங்கள் கடைசிக் காரியங்களைப் பற்றி ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கிறார்கள். அந்த ஏற்பாட்டுக்கு "சூகாட்சு" என்று தனிப்பெயரே உண்டு.

எதைச் சொல்லி வைப்பது?

நீண்ட உயில் தேவையில்லை. நாலே நாலு சங்கதி போதும். புதைப்பதா, எரிப்பதா? எந்த ஊரில்? முன்னின்று செய்ய வேண்டியவர் யார்? செலவுக்கான பணமும், ரேஷன் கார்டு, ஆதார், தொழிலாளர் நலவாரிய அட்டை, பாங்கிப் புத்தகம் ஆகியவையும் எங்கே இருக்கின்றன? கடன் வாங்கிக் காரியம் செய்ய வேண்டாம் என்று நினைத்தால், அதையும் சொல்லி விடலாம். பெரியவர் வாயாலேயே வந்த வார்த்தை என்றால், "ஊர் என்ன சொல்லும்?" என்று பிள்ளைகள் அஞ்ச வேண்டியதில்லை.

உறுப்பு தானம் செய்ய விரும்புகிறவர்கள் கட்டாயம் வீட்டாரிடம் சொல்ல வேண்டும். பையில் அட்டை மட்டும் இருந்தால் போதாது. மூளைச் சாவு ஏற்பட்ட பிறகு உறவினர் சம்மதித்தால்தான் காரியம் நடக்கும். இப்படித் தானம் செய்கிறவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கும் என்று 2023 செப்டம்பரில் தமிழக அரசு அறிவித்தது. முதலில் அந்த மரியாதையைப் பெற்றவர் தேனி மாவட்டத்துக்காரர்தான்.

ஒருவரிடம் மட்டும் சொன்னால் மற்றவர்கள் நம்ப மாட்டார்கள். ஆகவே, இரண்டு பேர் காதில் போட்டு வைப்பது நல்லது. ஒருவர் மேலே, ஒருவர் கீழே இருந்தால் இன்னும் நல்லது.

சாவைப் பற்றிப் பேசினால் சாவு வந்துவிடாது. பேசாமல் இருந்தாலும் வராமல் போகாது. வீட்டுப் பெரியவர் அடுத்த முறை, "எனக்கு ஏதாவது ஆகிவிட்டால்..." என்று ஆரம்பித்தால் வாயைப் பொத்தாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, முழுவதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.