மனை வாங்கும் முன் ஒரு பத்து ரூபாய்!

"திருமழிசைப் பக்கம் மனை மலிவா வருதாமே, வாங்கலாமா அக்கா?" — உறவுக்காரப் பெண்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி. தாராளமாக வாங்கலாம். ஆனால் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுக்கும் முன், அந்த மண் முன்பு என்னவாக இருந்தது என்று விசாரித்தீர்களா?

எங்கள் பக்கம் ஏரிப் பாசன பூமி. அருகிலேயே செம்பரம்பாக்கம் ஏரி. வாய்க்காலும் தாழ்ந்த நஞ்சையும் சித்திரை வெயிலில் கட்டாந்தரையாகத்தான் தெரியும். லாரி மண்ணைக் கொட்டிக் கல் நட்டுவிட்டால் நமக்கு அடையாளம் தெரியாது, மழைக்குத் தெரியும்!

2020 மே மாதம் கொரோனாவால் கோயம்பேடு காய்கறிச் சந்தை திருமழிசைக்கு வந்ததே, நினைவிருக்கிறதா? 2011-ல் அறிவித்த துணைக்கோள் நகரத்துக்கான இடத்தில்தான் கடைகள் போட்டார்கள். மழை பெய்ததும் சந்தைக்குள் தண்ணீரும் சேறும்! செப்டம்பரில் வியாபாரிகள் கோயம்பேட்டுக்கே திரும்பிவிட்டார்கள். வீடு கட்டிய நாம் எங்கே திரும்புவது?

வாசலில் தண்ணீர் நின்றால் செப்டிக் டேங்க் பொங்கும். கிணற்று நீர் கெடும். பிறகு கைக்குழந்தைக்கு வயிற்றுப்போக்கு, டாக்டர் செலவு... சொல்லவா வேண்டும்?

ஆகவே, அட்வான்ஸ் கொடுக்கும் முன் மூன்று காரியம் செய்யுங்கள்.

ஒன்று: புல எண்ணை வாங்கி, பட்டா, 'அ' பதிவேடு, புலப்படம் மூன்றையும் பாருங்கள். ஏரி, குளம், ஓடை, வாய்க்கால் என்று இருந்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம். பட்டா நஞ்சையாக இருந்தாலும், மழைக்காலத்தில் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள்.

இரண்டு: "பஞ்சாயத்து அப்ரூவ்டும்மா" என்பார் தரகர். மயங்காதீர்கள். இங்கே மனைப்பிரிவுக்கு சி.எம்.டி.ஏ. அனுமதி வேண்டும். வீட்டு வரி ரசீதும் உரிமைச் சான்று ஆகாது.

மூன்று: சந்தேகம் தீரவில்லையா? தகவல் உரிமைச் சட்டப்படி, பத்து ரூபாய் கட்டணத்தில் உள்ளாட்சி அலுவலகத்துக்கு மனுப் போடுங்கள். 'இந்தப் புல எண்ணில் யார், எந்தத் தேதியில், எந்த உத்தரவுப்படி அனுமதி கொடுத்தார்?' என்று கேளுங்கள். முப்பது நாளில் பதில் தந்தாக வேண்டும்.

இந்த மூன்றாவதுதான் முக்கியம். நீர்நிலை நிலத்துக்குப் பத்திரப் பதிவு, கட்டட அனுமதி, மின் இணைப்பு, வரி விதிப்பு எதுவும் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2022-ல் உத்தரவிட்டது. அப்படியிருக்க, ரோடும் தெருவிளக்கும் போட்டு வரியும் வசூலித்துவிட்டு, வெள்ளம் வந்ததும் "அது வருவாய்த் துறை, இது பொதுப்பணித் துறை" என்று கைகாட்டினால் எப்படி? ஆக்கிரமிப்பு என்று இடிக்க வரும்போது தெருவில் நிற்பது கையெழுத்துப் போட்டவரல்ல. நாமும் நம் குழந்தைகளும்தான்.

நாலு வீட்டுப் பெண்கள் சேர்ந்து போய் மனுக் கொடுங்கள். ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்கி, பத்திரத்தோடு பத்திரமாக வையுங்கள். நாளைக்கு, "யார் அனுமதித்தது?" என்று கேட்க அதுதான் உங்கள் கையில் இருக்கும் சாட்சி!